டிக் டிக்கா, டொக் டொக்கா? பழைய காரின் நோயைக் கேட்டறிவது எப்படி

முஸ்தபா கடையிலிருந்து சையது ஆல்வி சாலையில் சில நிமிடங்கள் நடந்தால் ஜாலான் புசார் வந்துவிடும். மலாய் மொழியில் ‘பெரிய சாலை’ என்று பொருள். கால்பந்து பார்க்க ஜாலான் புசார் விளையாட்டரங்கத்துக்குப் போயிருக்கும் மாணவர்கள், அந்த வட்டாரத்தில் இரும்புச் சாமான் கடைகளையும் வாகன உதிரிபாகக் கடைகளையும் கவனித்திருக்கலாம். “ஒரு இக்னிஷன் காயில் வேண்டும்” என்று கேட்டால் கடைக்காரர் எடுத்துத் தந்துவிடுவார். உங்களுக்குத் தேவைப்படுவது காயில்தானா என்பதை அவரால் சொல்ல முடியாது. அதைக் கண்டுபிடித்துக்கொண்டு கடைக்குப் போவது நம் வேலை. இந்த வாரம் அதைத்தான் படிக்கப்போகிறோம்.

உங்கள் மாமா 13 ஆண்டுப் பழைய கார் ஒன்றை வாங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சிஓஇ என்று நாம் சொல்லும் வாகன உரிமைச் சான்றிதழ் 10 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். முன்பு வைத்திருந்தவர் அதை மேலும் 5 ஆண்டுகளுக்குப் புதுப்பித்திருக்கிறார். அப்படி 5 ஆண்டுகளுக்குப் புதுப்பித்ததை மறுபடி புதுப்பிக்க முடியாது. ஆக, காருக்கு இன்னும் 2 ஆண்டு ஆயுள். அதற்குள் என்ஜினைப் பிரித்து மேய வேண்டி வந்தால் மாமா போட்ட பணம் போனதுதான்.

காருக்கு இரண்டு கோளாறுகள். காலையில் கிளப்பினால் பானட்டுக்கு அடியிலிருந்து ‘டிக் டிக் டிக்’ என்று ஓர் ஓசை வருகிறது. சாலை விளக்கு பச்சையானதும் ஆக்சிலரேட்டரை மிதித்தால், கார் ஒரு கணம் யோசித்து, ஒருமுறை குலுங்கி, அதன் பிறகே நகர்கிறது.

“என்ஜின் போச்சுடா” என்கிறார் மாமா. “பிளக்கை மாத்துங்க மாமா, சரியாப் போயிடும்” என்கிறார் உங்கள் அண்ணன். பெட்ரோலில் ஏதோ மருந்து ஊற்றச் சொல்கிறார் பக்கத்து வீட்டு அங்கிள். மூவரும் ஊகிக்கிறார்கள். ஊகம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பில் உண்டு. நானும் ஒருமுறை இதில் மாட்டியவன்தான். ஒரு பட்டறையில் முதலில் பிளக் நான்கையும் மாற்றினார்கள், அடுத்து ஃபில்டரை, அதற்கும் அடுத்து பெட்ரோல் பம்பை. மூன்று பில்லுக்குப் பிறகும் கார் திணறியது. கடைசியில் பார்த்தால் விரல் நீள ரப்பர் குழாய் ஒன்றில் விரிசல்.

எதோடு சேர்ந்து மாறுகிறது?

ஓசை கேட்டவுடன் ‘இது எந்தப் பாகம்?’ என்று கேட்கத் தோன்றும். அதற்கு முன் கேட்க வேண்டியது, ‘இந்த ஓசை எதோடு சேர்ந்து மாறுகிறது?’ என்பது. அறிவியல் கூடத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்றி, மற்றவற்றை அப்படியே வைத்துச் சோதிப்பீர்களே, அதே முறைதான்.

கார் நின்றிருக்கும்போது என்ஜின் வேகத்தைக் கூட்டினால் ஓசையும் வேகமாகிறதா? அப்படியானால் அது என்ஜினோடு சுழலும் ஒன்று. நிற்கும்போது ஓசையே இல்லை, ஓடும்போதுதான் வருகிறது, காரின் வேகத்தோடு கூடுகிறது என்றால் சக்கரம், டயர், பேரிங் பக்கம் பார்க்க வேண்டும். மேடுபள்ளத்தில் மட்டும் வந்தால் சஸ்பென்ஷன். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் வந்து சூடானதும் மறைந்தால் அதுவும் நல்ல துப்பு. உலோகம் சூட்டில் விரிகிறது. தேய்ந்த பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் உள்ள இடைவெளி அப்போது குறைகிறது. காலையில் தட்டும் பிஸ்டன் பத்து நிமிடத்தில் அமைதியாவது அதனால்தான்.

மாமாவின் காரில் ஓசை நிற்கும்போதும் வருகிறது, என்ஜின் வேகத்தோடு கூடுகிறது. சூடான பிறகு சற்றுத் தணிந்தாலும் முழுவதும் போவதில்லை. எனவே என்ஜினுக்குள்தான். ஆனால் என்ஜினுக்குள் எங்கே?

இங்கே உங்கள் கைப்பேசி உதவும். நாலடிப்பு என்ஜினின் நான்கு நிலைகளை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: உறிஞ்சல், அழுத்தல், வெடிப்பு, வெளியேற்றம். இந்த நான்கும் முடிய, பிஸ்டன்களை ஏற்றி இறக்கும் கிராங்க் தண்டு 2 முறை சுற்ற வேண்டும். வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டு அதே நேரத்தில் 1 முறைதான் சுற்றும். ஆகவே கேம் தண்டின் வேகம் எப்போதும் கிராங்க் தண்டின் வேகத்தில் பாதி. நம் துப்பறிதல் முழுவதும் இந்தப் பாதியில்தான் இருக்கிறது.

கார் நின்றபடி ஓடும்போது காட்டி நிமிடத்துக்கு 720 சுற்று காட்டுகிறது என்போம். அப்படியானால் கிராங்க் தண்டு வினாடிக்கு 12 சுற்று, கேம் தண்டு 6 சுற்று. ஓசையைக் கைப்பேசியில் 10 வினாடி பதிவு செய்யுங்கள். வினாடிக்கு 6 தட்டலைக் காதால் எண்ணுவது கடினம். பதிவைப் பாதி வேகத்தில் ஓடவிட்டால் வினாடிக்கு 3 ஆகிவிடும், எண்ணலாம். 10 வினாடிப் பதிவில் ஏறக்குறைய 60 தட்டல் இருந்தால் அது கேம் தண்டின் தாளம். வால்வுப் பகுதியில் எங்கோ தளர்ச்சி. 120 இருந்தால் கிராங்க் தண்டின் தாளம். அதோடு ஓசையும் கனமாக, ‘டொக் டொக்’ என்று அடியிலிருந்து வந்தால், பிஸ்டனைத் தாங்கும் கம்பியின் பேரிங் தேய்ந்திருக்கலாம். முன்னதற்குச் சில மணி நேர வேலை போதும். பின்னதற்கு என்ஜினையே கழற்ற வேண்டிவரும். மாமாவின் 2 ஆண்டு, இந்த 60-க்கும் 120-க்கும் நடுவில் தொங்குகிறது.

எண்ணிக்கை மட்டும் தீர்ப்புச் சொல்லிவிடாது. நல்ல என்ஜினிலும் பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர்கள் மெல்ல ‘டிக் டிக்’ என்றுதான் திறந்து மூடுகின்றன. நான்கும் சேர்ந்தால் வினாடிக்கு 24 தட்டல். அது நோயே இல்லை. ஓசை எந்த இடத்திலிருந்து வருகிறது என்பதும் தெரிய வேண்டும். அதற்கு மெக்கானிக்குகள் நீளமான ஸ்குரூடிரைவரின் முனையை என்ஜின்மேல் வைத்து, பிடியைக் காதருகே ஒட்டிக் கேட்பார்கள். பார்க்க வேடிக்கையாக இருந்தாலும் இதில் நல்ல இயற்பியல் இருக்கிறது. உலோகத்திலிருந்து காற்றுக்கு மாறும் எல்லையில் ஓசையின் பெரும்பகுதி உள்ளேயே திரும்பிவிடுகிறது. இரும்புக் கம்பி அந்த எல்லையைத் தாண்டாமல் அதிர்வை நேராகக் காதுக்குக் கொண்டுவருகிறது. கம்பியை நான்கு விரற்கடை நகர்த்தினாலே ஓசையின் வலிமை மாறுவது தெரியும். 1816-இல் பாரிசில் மருத்துவர் லென்னெக், நோயாளியின் இதயத்தைக் கேட்கக் காகிதத்தைச் சுருட்டி வைத்தார். ஸ்டெதஸ்கோப் அப்படித்தான் பிறந்தது. என்ஜினைக் கேட்பதற்கென்றே முனையில் கம்பி வைத்த ஸ்டெதஸ்கோப்பும் கிடைக்கிறது.

மாமாவின் காரில் எண்ணிக்கை 60-ஐ ஒட்டி வந்தது. பட்டறையில் கம்பி வைத்துக் கேட்டபோது மேலே, வால்வு மூடியின்மேல்தான் ஓசை பலமாக இருந்தது. சில ஜப்பானிய என்ஜின்களில் வால்வுக்கும் அதைத் தள்ளும் கைக்கும் நடுவே மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு போன்ற சிறு இடைவெளி விட்டிருப்பார்கள். தேய்மானத்தில் அது கூடினால் தட்டும். இடைவெளியை அளவுத் தகட்டால் அளந்து சரிசெய்யலாம். “என்ஜின் போச்சுடா” என்றாரே மாமா, அந்தப் பேச்சு இங்கே முடிந்தது.

ஆனால் கார் இன்னும் திணறுகிறது. இரண்டு கோளாறும் ஒரே நாளில் கண்ணில் பட்டதால் காரணமும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைப்பது மனித இயல்பு. தட்டல் நின்ற பிறகும் திணறல் தொடர்வதால் அவை வேறு வேறு என்று தெரிகிறது.

காற்று, பெட்ரோல், பொறி

ஆக்சிலரேட்டரை மிதித்தால் பெட்ரோல் கூடுதலாகப் பாயும் என்றுதான் நாம் நினைக்கிறோம். இன்றைய பெட்ரோல் கார்களில் உங்கள் கால் திறப்பது காற்றுக்கான கதவை. உள்ளே வரும் காற்றை உணரிகள் அளக்கின்றன. அதற்கேற்பப் பெட்ரோல் தெளிக்கும்படி கணினி இன்ஜெக்டர்களுக்குச் சொல்கிறது. 1 கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். நம் ஊர் வெப்பநிலையில் கணக்குப் போட்டால், 1 லிட்டர் பெட்ரோலுக்கு 9,000 லிட்டருக்கும் அதிகமான காற்று. பார்க்கப்போனால் என்ஜின் என்பது பெரிய காற்றுப் பம்பு. கதவு சட்டென்று திறக்கும் அந்தக் கணத்தில் காற்றுக்குத் தக்க பெட்ரோல் வராவிட்டாலும், வந்த கலவையைப் பற்றவைக்கும் பொறி பலவீனமாக இருந்தாலும், கார் ‘யோசிக்கும்’.

எது குறை என்று அறிய, மறுபடியும் அதே கேள்வி: திணறல் எதோடு சேர்ந்து மாறுகிறது?

முதலில் காற்றுக் கசிவு. என்ஜின் சும்மா ஓடும்போது காற்றுக் கதவு ஏறக்குறைய மூடியிருக்கும். உள்ளே உறிஞ்சும் விசை அதிகம். ரப்பர் குழாயில் விரிசல் இருந்தால் அளக்கப்படாத காற்று அதன் வழியே புகுந்துவிடும். சும்மா ஓடும்போது மொத்தக் காற்றே கொஞ்சம் என்பதால் திருட்டுக் காற்றின் பங்கு பெரிது. வேகமாக ஓடும்போது கதவு வழியாகவே ஏராளமாக வருவதால் அதே விரிசல் பொருட்டே இல்லை. ஆகவே கசிவுள்ள கார் நிற்கும்போதுதான் அதிகம் தடுமாறும். ‘ஸ்ஸ்’ என்று சீறல் கேட்டாலும் கேட்கலாம்.

பம்பு பலவீனமாக இருந்தாலோ ஃபில்டர் அடைத்திருந்தாலோ நேர்மாறு. நிற்கும்போது சொட்டுச் சொட்டாகத் தேவைப்படும் பெட்ரோல் எப்படியும் வந்துவிடும். விரைவுச்சாலையில் நுழையும்போது நன்றாக மிதித்தால்தான் போதாமை தெரியும்.

இந்த வேறுபாட்டைக் கணினியே எண்ணாகக் காட்டும். ஸ்டீயரிங்கிற்கு அடியில் உள்ள சாக்கெட்டில் சிறிய ஸ்கேனரைச் செருகினால், பெட்ரோலை வழக்கமான அளவிலிருந்து எத்தனை விழுக்காடு கூட்டியோ குறைத்தோ கணினி தெளிக்கிறது என்று பார்க்கலாம். காற்றை அளவிடும் உணரி பொருத்திய காரில், சும்மா ஓடும்போது +20, நிமிடத்துக்கு 2,500 சுற்றில் +4 என்று வந்தால் கசிவைத் தேடுங்கள். நிற்கும்போது சரியாக இருந்து, வேகத்தில் +20-க்கு ஏறினால் பெட்ரோல் வரத்தைப் பாருங்கள். எனக்கு அன்று இந்த இரண்டு எண்களையும் யாராவது காட்டியிருந்தால் மூன்று பில் மிச்சமாகியிருக்கும்.

மாமாவின் காரில் இரண்டு எண்ணும் ஒழுங்காகவே இருந்தன. திணறல் வருவது எல்லாம் சுமை ஏறும்போது: குளிர்சாதனம் ஓடும்போது, அடுக்குமாடி நிறுத்துமிடத்தின் சரிவில் ஏறும்போது, நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது. இது பொறியின்மேல் சந்தேகத்தைத் திருப்புகிறது. ஸ்பார்க் பிளக்கின் இரு முனைகளுக்கு இடையே 1 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இடைவெளி. அதைப் பொறி தாண்டக் காயில் பல்லாயிரம் வோல்ட் தர வேண்டும். எத்தனை வோல்ட் தேவை என்பது இடைவெளியின் நீளத்தை மட்டுமின்றி அங்குள்ள வாயுவின் அழுத்தத்தையும் பொறுத்தது என்று ஜெர்மானிய இயற்பியலாளர் பாஷென் 1889-இல் காட்டினார். நன்றாக மிதிக்கும்போது சிலிண்டரில் காற்று நிறைய நுழைகிறது, அழுத்தம் ஏறுகிறது, தேவைப்படும் வோல்ட்டும் ஏறுகிறது. காயிலின் உறையில் விரிசல் இருந்தால் மின்சாரம் பிளக்கைத் தாண்டாமல் பக்கவாட்டில் தப்பிவிடும். சுமையில்லாதபோது நல்ல பிள்ளையாக இருக்கும் காயில் சரிவில் ஏறும்போது கைவிடுவது இதனால்தான். அந்தச் சிலிண்டர் ‘மிஸ்’ ஆகிறது என்பார்கள் மெக்கானிக்குகள்.

ஸ்கேனர் பி0303 என்று ஒரு குறியீடு காட்டியது. கடைசி எண் 3 என்றால் மூன்றாம் சிலிண்டரில் எரிதல் தவறுகிறது என்று பொருள். நிறையப் பேர் இந்த இடத்தில்தான் தவறு செய்கிறார்கள். ‘மூன்றாம் சிலிண்டரில் தவறு’ என்பதைக் ‘காயில் கெட்டுவிட்டது’ என்று வாசித்துவிடுகிறார்கள். பிளக், இன்ஜெக்டர், வால்வு எது கெட்டாலும் இதே குறியீடுதான் வரும்.

நல்ல மெக்கானிக் இங்கே செலவில்லாத சோதனை ஒன்றைச் செய்வார். மூன்றாம் சிலிண்டரின் காயிலைக் கழற்றி முதலாவதில் போடுவார். முதலாவதின் காயிலை மூன்றாவதில். வேறு எதையும் தொடமாட்டார். பழைய குறியீட்டை அழித்துவிட்டு அதே சரிவில் ஓட்டிப் பார்ப்பார். குறியீடு பி0301 என்று மாறினால், நோய் காயிலோடு சேர்ந்து இடம் மாறிவிட்டது, குற்றவாளி காயில். பி0303 என்றே நின்றால் காயில் நிரபராதி. அடுத்து பிளக்கை இடம் மாற்றிப் பார்க்க வேண்டும். மாற்றுவது ஒன்றே ஒன்று, மற்ற சிலிண்டர்கள் ஒப்பீட்டுக்கு. உங்கள் பள்ளிச் செய்முறை ஏட்டில் எழுதும் ‘நியாயமான சோதனை’ இதுதான்.

குறியீடு பி0301 ஆனது. மாமா ஜாலான் புசாருக்குப் போய் ஒரே ஒரு காயில் கேட்டு வாங்கினார்.

காயிலும் பிளக்கும் நிரபராதி என்று வந்திருந்தால் அழுத்தச் சோதனை செய்ய வேண்டியிருக்கும். பிளக் துளையில் அழுத்தமானியைத் திருகி என்ஜினைச் சுழற்றுவார்கள். நான்கு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் தாழ்ந்தால் அதில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளப்பார்கள். அழுத்தம் ஏறினால், பிஸ்டன் வளையத்தைச் சுற்றி இருந்த இடைவெளியை ஆயில் அடைத்திருக்கிறது, தேய்ந்தது வளையம். ஏறாவிட்டால் கசிவு வால்வு வழியாக இருக்கலாம். ஒரு கரண்டி ஆயிலில் இத்தனை தெரிந்துகொள்ளலாம் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

ஓசையும் திணறலும் சேரும் இடம்

இரண்டுக்கும் காரணம் ஒன்றாகவே இருக்கும் நோயும் உண்டு. சுமையோடு ஏறும்போது தகர டப்பாவில் கோலிக்குண்டுகளைக் குலுக்கியதுபோல் ‘கலகல’ என்று கேட்கும். பிளக் பற்றவைத்த தீ சிலிண்டர் முழுவதும் சீராகப் பரவுவதற்குள், மூலையில் மிஞ்சிய கலவை அழுத்தத்தாலும் சூட்டாலும் தானாகவே வெடித்துவிடுகிறது. பழைய என்ஜினில் படிந்த கரி இதைத் தூண்டும். பெட்ரோலின் ஆக்டேன் எண் போதாவிட்டாலும் வரும். சிங்கப்பூர் நிலையங்களில் 92, 95, 98 என்று பார்க்கிறோமே, அந்த எண் பெட்ரோல் இப்படித் தானாக வெடிப்பதை எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்கிறது. சக்தியின் அளவு அல்ல.

இந்த ஓசையைக் கேட்க என்ஜினுக்கே ஒரு காது உண்டு. அழுத்தினால் மின்சாரம் தரும் படிகத்தாலான உணரி என்ஜின் உடலில் திருகப்பட்டிருக்கும். அத்தகைய படிகங்களின் குணத்தை 1880-இல் கண்டறிந்தவர்கள் கியூரி சகோதரர்கள். இந்தத் தட்டல் பெரும்பாலும் வினாடிக்கு 6,000, 7,000 அதிர்வு அளவில் ஒலிக்கும். அது கேட்டதும் கணினி பொறியைச் சற்றுத் தாமதமாக்குகிறது. தட்டல் அடங்கும், என்ஜின் தப்பிக்கும், ஆனால் இழுவை குறையும். ஓட்டுபவருக்கு அது திணறலாகத் தெரிகிறது. இந்தத் தட்டலை அடக்கத்தான் 1921-இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி பெட்ரோலில் ஈயச் சேர்மத்தைக் கலந்து பார்த்தார். தட்டல் போனது, ஈயம் காற்றில் ஏறியது. சிங்கப்பூர் 1998-இல் ஈயப் பெட்ரோலை நிறுத்தியது. உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021-இல் நிறுத்தியது.

சோதிக்கும் முன் சில எச்சரிக்கைகள். ஓடும் என்ஜினின் பெல்ட் அருகே கை, தலைமுடி, பள்ளி அடையாள அட்டைக் கயிறு எதுவும் போகக்கூடாது. கம்பி வைத்துக் கேட்பதை மெக்கானிக் செய்யட்டும், நீங்கள் தள்ளி நின்று பதிவு செய்யுங்கள். நின்ற காரில் என்ஜினைத் தேவையின்றி ஓடவிடுவது இங்கு சட்டப்படி குற்றம். மூடிய நிறுத்துமிடத்தில் கார்பன் மோனாக்சைடு ஆபத்தும் உண்டு. எனவே இதையெல்லாம் காற்றோட்டமான பட்டறையில் செய்வதே சரி. ஆயில் குவளை வடிவச் சிவப்பு விளக்கு எரிந்தால் ஓசையை ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டாம். பாதுகாப்பாக ஓரங்கட்டி உடனே என்ஜினை அணைக்கச் சொல்லுங்கள். ஆயில் அழுத்தம் இல்லாமல் சில நிமிடம் ஓடினாலே பேரிங்குகள் நாசமாகிவிடும். என்ஜின் விளக்கு விட்டு விட்டு எரிந்தால், எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் உள்ள வினையூக்கி மாற்றிக்குப் போய் அதைச் சூடேற்றி உருக்குகிறது என்று பொருள். மெதுவாக ஓட்டிச் சென்று நிறுத்த வேண்டும். பத்து ஆண்டு தாண்டிய கார்களுக்கு ஆண்டுதோறும் பரிசோதனை இருக்கிறதே என்று மாமா சொல்லக்கூடும். அது பிரேக், புகை முதலியவற்றைப் பார்ப்பது. தேய்ந்துகொண்டிருக்கும் பேரிங்கை அது சொல்லாது.

நீங்களே செய்து பார்க்க ஒரு கணக்கு. கார் மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. காட்டியில் என்ஜின் வேகம் நிமிடத்துக்கு 1,800 சுற்று. டயரின் சுற்றளவு 1.9 மீட்டர். பயணி இருக்கையிலிருந்து நீங்கள் பதிவு செய்த ஓசையில் வினாடிக்கு 8 ‘தப் தப்’. கிராங்க் தண்டு, கேம் தண்டு, சக்கரம் மூன்றும் வினாடிக்கு எத்தனை சுற்று சுற்றுகின்றன என்று கணக்கிட்டு, ஓசை எதிலிருந்து வருகிறது என்று சொல்லுங்கள். வேகம் மணிக்கு 36 கிலோமீட்டராகக் குறைந்தால் அந்தத் ‘தப் தப்’ எத்தனை ஆக வேண்டும்? பதிவில் அப்படி வராவிட்டால் உங்கள் முதல் விடை தவறு.